சாய்தளத்தில் உராய்வு: நான்கு வழிகளில் எந்தக் கணக்குக்கு எது?

உயர்நிலை 4 படிக்கும் பிள்ளை அளவுகோலும் பாகைமானியும் வைத்து விசை முக்கோணம் வரைகிறது. தொடக்கக் கல்லூரியில் படிக்கும் அக்கா அதே கணக்கில் எடையை இரண்டு கூறாகப் பிரித்துவிடுகிறாள். தமிழகத்தில் பிளஸ் ஒன் படித்த அப்பாவுக்கோ லாமி தேற்றம்தான் (சமநிலையில் உள்ள மூன்று விசைகளில் ஒவ்வொன்றும் மற்ற இரண்டுக்கும் இடையிலான கோணத்தின் சைனுக்கு நேர்விகிதம் என்பது) முதலில் நினைவுக்கு வருகிறது. சிங்கப்பூரில் பல தமிழ் வீடுகளில் சாப்பாட்டு மேசையில் எழும் கேள்வி இதுதான்: இவற்றில் எது சரியான வழி?

மூன்றும் சரியான வழிகளே. முக்கோணமும் லாமியும் ஒரே வழியின் இரு முகங்கள், கூறாகப் பிரிப்பதை இரண்டு விதமான அச்சுகளில் செய்யலாம், ஆற்றல் வழியும் சேர்ந்தால் மொத்தம் நான்கு. ஆனால் ஒரு கணக்கை இரண்டே வரியில் முடிக்கும் வழி, அடுத்த கணக்கில் அரைப் பக்கம் ஓடவைக்கும். ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்து எல்லாவற்றுக்கும் போட்டால் நேரமும் போகும், மதிப்பெண்ணும் போகும்.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

முதல் அளவுகோல், கேள்வி எதைக் கேட்கிறது என்பது. விசை, முடுக்கம், வேகம், நேரம், கோணம் ஆகிய ஐந்தில் எது என்று அடிக்கோடிட்டுக்கொண்டாலே பாதி முடிவு கிடைத்துவிடும். இரண்டாவது, வெளிவிசையோ முடுக்கமோ எந்தத் திசையில் இருக்கிறது என்பது. சாய்வை ஒட்டியா, கிடையாகவா? மூன்றாவது, பிழை எங்கே நுழைகிறது, நுழைந்தால் விடையைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா என்பது.

நான்காவது, தேர்வு எதை எதிர்பார்க்கிறது என்பது. ஓ நிலை இயற்பியலில் மூன்று விசைகளின் சமநிலைக்கு அளவுப்படி வரையும் முறையே போதும். ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுப்பார்கள். ஏ நிலையில் கூறாக்கம், அதாவது விசையைக் கூறுகளாகப் பிரிப்பது, கட்டாயம், ஈர்ப்பு முடுக்கம் 9.81. ஏ நிலையின் எச்2 இயற்பியலில் உராய்வுக் குணகம் (உராய்வுக்கும் தளம் தரும் எதிர்விசைக்கும் உள்ள விகிதம்) பெரும்பாலும் வராது. உராய்வு இத்தனை நியூட்டன் என்று கேள்வியிலேயே தந்துவிடுவது வழக்கம். குணகத்தோடு முழுமையாக மோதுவது பல்துறைத் தொழிற்கல்லூரியின் பொறியியல் பாடத்திலும் பல்கலைக்கழக முதலாண்டிலும்தான்.

ஒப்பீடு நேர்மையாக இருக்க எல்லா வழிக்கும் ஒரே எண்களை வைத்துக்கொள்வோம். பெட்டியின் நிறை 5 கிலோ, ஈர்ப்பு முடுக்கம் 10, ஆகவே எடை 50 நியூட்டன். சாய்வுக் கோணம் சுமார் 36.87°, அதன் சைன் 0.6, கோஸ் 0.8, டேன் 0.75. ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5, இயக்க உராய்வுக் குணகம் 0.4. சாய்வின் நீளம் 3.5 மீட்டர்.

## வழி எதுவானாலும் முதலில்: நகருமா, நிற்குமா?

இந்தப் பகுதிக்கு மற்றவற்றைவிட அதிக இடம் தருவதற்குக் காரணம் உண்டு. சாய்தளக் கணக்கில் விடை தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உராய்வு என்றதும் குணகத்தை எதிர்விசையால் பெருக்குவது பல மாணவர்களுக்குக் கைப்பழக்கம். (எதிர்விசை என்று இங்கே சொல்வது தளம் தன் பரப்புக்குச் செங்குத்தாகத் தரும் விசையை.) அந்தப் பெருக்கம் ஓய்வுநிலை உராய்வின் உச்ச எல்லையைத்தான் தருகிறது. பொருள் நிற்கும்வரை உராய்வு தேவையான அளவு மட்டுமே எழும். அது எந்தப் பக்கம் எழும் என்பதையும் தேவைதான் முடிவு செய்யும்.

நம் பெட்டியில் ஒரு கயிற்றைக் கட்டி, சாய்வின் உச்சியில் உள்ள உராய்வில்லாத கப்பி வழியாக மறுபக்கம் 4 கிலோ எடைக்கல்லைத் தொங்கவிடுவோம். கல் கயிற்றை 40 நியூட்டனால் இழுக்கிறது. பெட்டியின் எடை சாய்வோடு கீழ்நோக்கி 50 × 0.6 = 30 நியூட்டன். எதிர்விசை 50 × 0.8 = 40 நியூட்டன்.

பழக்கத்தில் போடும் கணக்கு இப்படிப் போகும்: இயக்க உராய்வு 0.4 × 40 = 16; நிகர விசை 40 − 30 − 16 = −6; மொத்த நிறை 9 கிலோ; முடுக்கம் −0.67. கழித்தல் குறி வந்ததால் பெட்டி கீழே சறுக்குகிறது என்று எழுதிவிடுவார்கள். முழுத் தவறு. 40 நியூட்டன் மேலே இழுக்கும்போது 30 நியூட்டன் இழுக்கும் பக்கம் பெட்டி எப்படிப் போகும்?

சரியான வரிசை இது. உராய்வே இல்லை என்று வைத்தால் பெட்டி எந்தப் பக்கம் போகும்? 40 பெரியது, மேலே போகும். ஆகவே உராய்வு கீழ்நோக்கி. நிறுத்தி வைக்கத் தேவை 10 நியூட்டன். கிடைக்கக்கூடிய உச்சம் 0.5 × 40 = 20 நியூட்டன். தேவை எல்லைக்குள் இருப்பதால் பெட்டி அசையாது. உராய்வு 10 நியூட்டன், 20-உம் அல்ல, 16-உம் அல்ல.

இதே தர்க்கத்தில், தொங்கும் கல் 1 கிலோவிலிருந்து 5 கிலோவரை எதுவாக இருந்தாலும் பெட்டி நிற்கும். இழுவிசை 10 நியூட்டனில் உராய்வு முழுமூச்சாக மேல்நோக்கி, 50 நியூட்டனில் முழுமூச்சாகக் கீழ்நோக்கி, நடுவில் 30 நியூட்டனில் உராய்வு சுழியம். 3 கிலோ கல் தொங்கும்போது சொரசொரப்பான தளத்தில்கூட உராய்வு சுழியம் என்பதை மாணவர் ஒருமுறை தானே கணக்கிட்டுப் பார்த்துவிட்டால் பெருக்கும் பழக்கம் போய்விடும்.

கயிறு இல்லாத பெட்டிக்கு: தேவை 30, உச்சம் 20. சறுக்கும். இனி வழிகளுக்குப் போகலாம்.

## வழி 1: சாய்வை ஒட்டிய அச்சுகள்

அச்சை சாய்வோடு சாய்த்து, எடையை மட்டும் இரண்டாகப் பிரிப்பது. சாய்வுக்குச் செங்குத்தான அச்சில் எதிர்விசை = 40. சாய்வு அச்சில் 30 − 16 = 14 நியூட்டன். முடுக்கம் 14 ÷ 5 = 2.8 மீட்டர்/வினாடி². கீழே வந்து சேரும் வேகத்தின் வர்க்கம் 2 × 2.8 × 3.5 = 19.6, வேகம் 4.43 மீட்டர்/வினாடி. நேரம் 2.5-இன் வர்க்கமூலம், 1.58 வினாடி.

முடுக்கம், நேரம், கயிற்றின் இழுவிசை மூன்றையும் தரும் ஒரே நேர்வழி இதுதான். வெளிவிசை சாய்வை ஒட்டியிருந்தால் இதைவிடச் சுருக்கமானது கிடையாது.

மறைந்திருக்கும் செலவு எதிர்விசையில் இருக்கிறது. ‘எடை × கோஸ்’ என்று சூத்திரமாகப் பதிந்துவிட்டால், கிடைவிசை ஒன்று தள்ளும்போதும் அதையே எழுதுவார்கள். ஆனால் கிடையாக ஒருவர் பெட்டியைச் சாய்வுக்குள் தள்ளினால் அந்தத் தள்ளலின் 0.6 பங்கு தளத்தை அழுத்துகிறது. எதிர்விசை 40 + 0.6 × தள்ளுவிசை ஆகிறது, உராய்வின் உச்சமும் கூடவே உயர்கிறது. எதிர்விசையை ஒவ்வொரு முறையும் சமன்பாட்டிலிருந்தே எடுக்க வேண்டும்.

இன்னொரு சிறு பொறி: சைனும் கோசும் இடம் மாறிப்போவது. கோணத்தைச் சுழியம் ஆக்கிப் பாருங்கள். தரை சமமானால் சறுக்கும் கூறு மறைய வேண்டும்; ஆகவே அதுதான் சைன். கணிதப் பாடத்துக்காகக் கணிப்பானை ரேடியனில் விட்டுவிட்டு இயற்பியல் தாளுக்கு வரும் தொடக்கக் கல்லூரி மாணவர்கள் முதலில் சைன் 30 அழுத்திப் பார்க்கட்டும். 0.5 வராமல் −0.988 வந்தால் கோண முறையை மாற்ற வேண்டும்.

## வழி 2: கிடை அச்சும் நிமிர் அச்சும்

பாடப் பழக்கத்தில் இது ஏனோ ஓரங்கட்டப்பட்டுவிட்டது. ஒரு வகைக் கணக்கில் இதுவே முதல் தேர்வு.

பெட்டி சறுக்காமல் இருக்கக் கிடையாக எவ்வளவு குறைந்த விசையால் தள்ள வேண்டும் என்று கேட்டால், வழி 1-இல் இரண்டு சமன்பாட்டிலும் தள்ளுவிசை நுழைந்துவிடும்: 30 − 0.8 × தள்ளுவிசை = 0.5 × (40 + 0.6 × தள்ளுவிசை). விரித்தால் 10 = 1.1 × தள்ளுவிசை, விடை 9.09 நியூட்டன். தவறில்லை, ஆனால் அடைப்புக்குறியை விரிக்கும் இடத்தில் குறி மாறும் அபாயம் இருக்கிறது.

கிடை, நிமிர் அச்சுகளில் தள்ளுவிசை நிமிர் சமன்பாட்டில் வரவே வராது. உராய்வு எல்லையில் இருப்பதால் அது எதிர்விசையில் பாதி. நிமிர் அச்சில்: 0.8 × எதிர்விசை + 0.6 × 0.5 × எதிர்விசை = 50. அதாவது 1.1 × எதிர்விசை = 50, எதிர்விசை 45.45. பிறகு கிடை அச்சில்: தள்ளுவிசை = 45.45 × (0.6 − 0.4) = 9.09. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மறைமதிப்புதான்.

பெட்டி மேலேறத் தொடங்கும் எல்லைக்கு உராய்வின் குறியை மட்டும் திருப்பினால் போதும்: 0.5 × எதிர்விசை = 50, எதிர்விசை 100, தள்ளுவிசை 100 × (0.6 + 0.4) = 100 நியூட்டன். ஆக 9.09-இலிருந்து 100 நியூட்டன்வரை எவ்வளவு தள்ளினாலும் பெட்டி அசையாது.

சாய்த்துப் போடப்பட்ட வளைவுச் சாலையில் கார் திரும்பும் கணக்கு இந்த வழிக்கே உரியது. அங்கே முடுக்கம் வட்ட மையத்தை நோக்கிக் கிடையாக இருக்கிறது. சாய்ந்த அச்சைப் போட்டால் முடுக்கத்தையும் இரண்டாகப் பிரிக்க வேண்டிவரும். அதைவிட மோசம், பழக்கத்தில் ‘எடை × கோஸ்’ என்று எழுதுவது. அங்கே எதிர்விசை அதுவாக இருக்காது.

செலவு: எதிர்விசை, உராய்வு இரண்டையும் பிரிக்க வேண்டும், மொத்தம் நான்கு கூறுகள். பொருள் சாய்வோடு முடுக்கத்துடன் சறுக்கினால் இதைத் தொடவே வேண்டாம்.

## வழி 3: ஆற்றல் கணக்கு

கீழே வரும் வேகம் மட்டும் வேண்டுமா? உயரம் 3.5 × 0.6 = 2.1 மீட்டர். இழந்த நிலையாற்றல் 50 × 2.1 = 105 ஜூல். உராய்வு தின்றது 16 × 3.5 = 56 ஜூல். மிச்சம் 49 ஜூல் இயக்க ஆற்றல். வேகத்தின் வர்க்கம் 19.6. வழி 1 தந்த அதே எண்.

ஓ நிலை மாணவருக்கு இது பெரிய கதவு. உராய்வு விசை கேள்வியிலேயே தரப்பட்டு, உயரமும் நீளமும் தெரிந்திருந்தால், கூறாக்கம் தெரியாமலே சாய்தள வேகக் கணக்கைப் போட்டுவிடலாம். கோணம்கூடத் தேவையில்லை. சாய்விலிருந்து இறங்கிச் சமதரையில் ஓடி நிற்கும் கணக்கிலும் இதுவே சிறந்தது. ஆனால் குணகம் தந்திருந்தால் சமதரையில் உராய்வு மாறும் என்பதை மறக்கக்கூடாது: அங்கே எதிர்விசை 50, உராய்வு 20. மிச்சமிருக்கும் 49 ஜூலை 20-ஆல் வகுத்தால், முனையில் தட்டாமல் இறங்கும் பெட்டி 2.45 மீட்டர் ஓடி நிற்கும்.

நேரத்தை இது தராது. கயிற்று இழுவிசையைத் தராது. பொருள் நகருமா என்பதையும் சொல்லாது; நிற்கும் பெட்டிக்கும் ஒரு வேகத்தைக் கணக்கிட்டுத் தந்துவிடும் ஆபத்து உண்டு.

மேலே எறிந்து திரும்பி வரும் கணக்கில் கூடுதல் கவனம் வேண்டும். உராய்வு ஏறும்போது கீழ்நோக்கி, இறங்கும்போது மேல்நோக்கி. ஏறுகையில் வேகம் குறையும் விகிதம் (30 + 16) ÷ 5 = 9.2, இறங்குகையில் முடுக்கம் 2.8. திரும்பி வரும் வேகம் எறிந்த வேகத்தில் 0.55 பங்குதான். இரண்டு பயணத்துக்கும் ஒரே ஆற்றல் சமன்பாடு எழுதினால் எவ்வளவு தூரம் ஏறியது என்பது தெரியாமலே நின்றுபோவீர்கள். ஏற்றத்தைத் தனியாக முடித்துவிட்டு இறக்கத்துக்கு வாருங்கள். உச்சியில் ஒருகணம் நிற்கும்போது ‘நகருமா’ என்ற கேள்வியை மறுபடி கேட்க வேண்டும். ஓய்வுநிலைக் குணகம் 0.8 ஆக இருந்திருந்தால் உச்சம் 32, தேவை 30. பெட்டி அங்கேயே நின்றுவிடும், திரும்பியே வராது.

உருளும் பொருளையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம் அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளத்தில் பார்க்கும் நீளமான சக்கர நாற்காலிச் சரிவுகள் பொதுவாக 12-க்கு 1 என்ற அளவில் இருக்கும், கோணம் 4.76°. ஆளும் நாற்காலியும் சேர்ந்து 90 கிலோ என்றால், சீரான வேகத்தில் ஏற்ற எடைக்காக மட்டும் சுமார் 75 நியூட்டன் தள்ள வேண்டும். அதோடு குணகம் × எதிர்விசையைச் சேர்ப்பது தவறு. சக்கரம் சறுக்கவில்லை, உருளுகிறது. அங்கே உள்ளது மிகச் சிறிய உருளல் தடை. அந்த ‘12-க்கு 1’ என்பது உயரத்துக்கும் கிடைநீளத்துக்கும் உள்ள விகிதம், அதாவது டேன். இவ்வளவு சிறு கோணத்தில் டேன் 0.0833, சைன் 0.0830, வித்தியாசம் தெரியாது. செங்குத்தான சாய்வில் தெரியும்.

## வழி 4: உராய்வுக் கோணமும் விசை முக்கோணமும்

எதிர்விசையையும் உச்ச உராய்வையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரே தொகுவிசையாகச் சேர்த்தால், அது பரப்பின் செங்குத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சாயும். அந்தக் கோணத்தின் டேன்தான் உராய்வுக் குணகம். 0.5-க்கு 26.57°. இப்போது எடை, தள்ளுவிசை, தொகுவிசை என மூன்றே விசைகள். முக்கோணம் வரையலாம், லாமி தேற்றம் போடலாம்.

கிடைவிசையின் கீழெல்லை: 50 × டேன் (36.87° − 26.57°) = 9.09. மேலெல்லை: 50 × டேன் (36.87° + 26.57°) = 100. ஒரே வரி.

இந்த வழி சில உண்மைகளைக் கண்ணுக்கு முன்னால் காட்டும். சாய்வுக் கோணமும் உராய்வுக் கோணமும் சேர்ந்து 90° ஆகிவிட்டால் டேன் எல்லையற்றுப் போகிறது. அதாவது இந்தக் குணகத்தில் சாய்வு சுமார் 63.4°-ஐ எட்டினால், கிடையாக எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் பெட்டி மேலேறாது. தள்ளத் தள்ள உராய்வும் ஏறிக்கொண்டே போகும். வழி 1-இல் இதே நிலை ஒரு கழித்தல் குறியாக வரும். அதைக் கணக்குப் பிழை என்று நினைத்து மாணவர் மறுபடி மறுபடி சரிபார்ப்பார்.

பெட்டியை மேலே இழுக்கக் குறைந்த விசை எது என்ற கேள்வியிலும் அப்படியே. சாய்வை ஒட்டி இழுத்தால் 30 + 20 = 50 நியூட்டன். கயிற்றைச் சாய்விலிருந்து உராய்வுக் கோணமான 26.57° மேலே தூக்கிப் பிடித்தால் 50 × சைன் 63.43° = 44.7 நியூட்டன் போதும். முக்கோணத்தில் இது ஒரு செங்கோணம், பார்த்ததும் தெரியும். கூறாக்க வழியில் நுண்கணிதம் தேவைப்படும்.

செலவு இரண்டு. முதலாவது, உராய்வு எல்லையில் இருக்கும்போதோ பொருள் சறுக்கும்போதோதான் இந்தக் கோணம் பொருந்தும். கப்பிக் கணக்கில் பார்த்த 10 நியூட்டன் உராய்வுக்கு இதைப் போட்டால் விடை சிதறிவிடும். எதிர்விசையைத் தனியாகக் கேட்டால் தொகுவிசையைத் திரும்பப் பிரிக்க வேண்டிவரும் என்பது சிறிய தொல்லை.

இரண்டாவது, கணக்கிடாமல் வரைந்தால் துல்லியம். 1 செ.மீ. = 5 நியூட்டன் என்று எடுத்தால் எடை 10 செ.மீ., தேடும் விசை வெறும் 1.8 செ.மீ. பாகைமானியில் 1° தவறினால் 9.1-க்குப் பதில் 8.2 அல்லது 10.0 வரும், பத்து விழுக்காடு பிழை. 1 செ.மீ. = 2 நியூட்டன் என்று மாற்றினால் எடைக்கோடு 25 செ.மீ.; ஏ4 தாளில் நெடுக்குவாக்கில் அடங்கும். நீளத்தை அளக்கும் பிழை குறையும், கோணப் பிழை அப்படியே இருக்கும். இரு கோணங்கள் நெருக்கமாக இருக்கும் கணக்கில் வரைபடம் பலவீனமானது. ஓ நிலைத் தாளில் வரையச் சொன்னால் பெரிய அளவு, கூர்மையான பென்சில், விசைகளின் அம்புகள், எழுதப்பட்ட அளவுக் குறிப்பு என்ற நான்கையும் விடக்கூடாது.

## பக்கத்தில் வைத்துப் பார்க்க

| வழி | நேராகத் தருவது | தராதது | பிழை நுழையும் இடம் |
|---|---|---|---|
| சாய்ந்த அச்சு | முடுக்கம், நேரம், இழுவிசை | எதையும் விடாது. கிடைவிசை வந்தால் நீளும் | எதிர்விசையைச் சூத்திரமாக எழுதுவது |
| கிடை, நிமிர் அச்சு | கிடைவிசை எல்லைகள், சாய்ந்த வளைவுச் சாலை | சறுக்கும் முடுக்கம் எளிதில் வராது | நான்கு கூறுகளின் குறிகள் |
| ஆற்றல் | வேகம், நிற்கும் தூரம் | நேரம், இழுவிசை, நகருமா என்பது | உராய்வு திசை மாறும் பயணம் |
| உராய்வுக் கோணம் | எல்லை விசைகள், குறைந்த இழுவிசை, சறுக்கும் கோணம் | எல்லைக்குள் நிற்கும் பொருளின் உராய்வு | எல்லையில் இல்லாதபோது போடுவது, வரைகோணம் |

## யாருக்கு எது

ஓ நிலைக்கு முக்கோண வரைபடமும் ஆற்றல் கணக்கும் போதும். மூன்று விசைச் சமநிலைக்கு முந்தையது, வேகத்துக்குப் பிந்தையது. முக்கோணவியலில் கை திடமான பிள்ளை கூறாக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ‘வரைந்து காண்க’ என்று கேள்வி சொன்னால் வரைந்தே ஆக வேண்டும்.

தொடக்கக் கல்லூரி மாணவருக்கு வழி 1 முதுகெலும்பு, வழி 3 சரிபார்ப்பு. வேகம் வந்ததும் ஆற்றலால் ஒருமுறை பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும், 4.43 இரு பக்கமும் வந்தால் அடுத்த கேள்விக்குப் போகலாம். வட்ட இயக்கப் பாடம் வந்ததும் வழி 2-க்கு மாறும் பழக்கம் வேண்டும். அங்கேயும் சாய்ந்த அச்சையே பிடித்துக்கொண்டிருப்பது வீண் பிடிவாதம்.

பல்துறைத் தொழிற்கல்லூரியில் ஆப்பு, திருகு, தூக்கி போன்ற பாடங்களைத் தொடுகிறவர் வழி 4-ஐத் தள்ளிப்போடக்கூடாது. திருகின் புரி என்பது உருளையில் சுற்றிய சாய்தளமே. விட்டால் தானே இறங்குமா என்ற கேள்வி புரியின் கோணத்தையும் உராய்வுக் கோணத்தையும் ஒப்பிடுவதோடு முடிந்துவிடுகிறது. லாமி தேற்றத்தோடு உதவ வரும் அப்பாவின் அறிவு அங்கேதான் முழுமையாகப் பயன்படும். உயர்நிலை 4 பிள்ளைக்கு அதைத் திணிக்காமல், அந்தப் பிள்ளை வரைந்த முக்கோணத்தின் பக்கங்களை அப்பா லாமியால் கணக்கிட்டு, அளவுகோல் காட்டிய எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துத் தந்தால் இருவருக்கும் பயன்.